துரை ஓட்டின வண்டி

பழைய ஜீப் விற்கிற கடையில் ஒரு விஷயம் முதல் நாளே தெரிந்துவிடும்: வருகிறவர் என்ஜினைத் திறந்து திறந்து பார்ப்பார், ஆனால் வாங்குவது மேலே அடித்த சாயத்தைத்தான். துணிக்கடையிலோ சைக்கிள் கடையிலோ நாள் முழுக்க நின்று கால் வீங்கினவர்கள் இதைப் படித்தால் "ஆமாம்டா தம்பி" என்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். உங்கள் கடையில் தப்பான சாமான் விற்றால் அதைத் திருப்பிக் கொண்டுவந்து முகத்தில் எறிவார்கள். எங்கள் கடையில், வாங்கினவர் தானே நடந்து வந்து எறிந்தால் அது நல்ல காலம்.

எனக்குப் பதினேழு வயது. ஏழாம் ஸ்டாண்டர்டோடு ஸ்கூலை விட்டேன். யாரும் துரத்தவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து இன்னொருவன் பாடம் ஒப்பிப்பதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். மலாக்கா பக்கம், ஜாசின் பசாருக்குப் பின்னால் முத்தையா முதலாளியின் பட்டறை. பட்டாளம் கழித்துப்போட்டது, ரப்பர் தோட்டங்கள் கழித்துப்போட்டது எல்லாம் அங்கே வரும். சன்னாசி அண்ணன் பிரித்துப் பூட்டுவார். நான் விற்பேன். வண்டிப் பத்திரத்தில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு மட்டும்தான் புரியும் என்பதால் முதலாளி என் வாயைப் பொறுத்துக்கொண்டார். வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்து சுடத் தொடங்கி, அவசரகாலம் வந்தபிறகு தோட்டத்துச் சடக்குச் சாலையில் சைக்கிள் மிதிக்க யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் எங்களுக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது.

தகடு போட்ட ஜீப்

சுங்கை ரம்பாய் ரெங்கசாமி கண்ட்ராக்டர், தோட்டங்களுக்குப் புல் வெட்ட ஆள் கொண்டுபோய் விடுகிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வந்ததும் அவர் கேட்டது, "குண்டு துளைக்காத வண்டி இருக்கா?" இருந்தது. ஜீப்பைச் சுற்றி இரும்புத் தகடு அடித்து, வெளியே பார்க்க ஒரு கை அகலத்துக்குச் சந்து மட்டும் விட்டது. அவருக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. "தார் ரோட்டுல ஓடும். மழை பெய்ஞ்ச செம்மண்ணுல இந்த எடைக்கு இறங்கிடும்" என்றேன். முதலாளி முறைத்தார். கண்ட்ராக்டர், "மீசை முளைக்கட்டும், அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு" என்றார்.

சரி, ஓட்டிப் பாருங்கள் என்று கூட்டிப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. சடக்கில் திரும்பி அரை மைல்கூடப் போகவில்லை, பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டன. நான் இறங்கித் தள்ளினேன். அவர் இறங்கவில்லை. சுற்றிலும் கித்தா என்கிற ரப்பர் மரம், ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவர் உள்ளேயே உட்கார்ந்து சந்து வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. மரத்துப் பால் எடுத்துக்கொண்டு வந்த ஆறு பேர் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தள்ள வந்தபிறகுதான் அந்தச் சந்திலிருந்து குரல் வந்தது: "குண்டு துளைக்காது, சரிடா தம்பி. ஆனா அவன் நடந்து வந்து கதவைத் தட்டுற வரைக்கும் வண்டி இங்கேயேதானே நிக்கும்!"

அம்மைத் தழும்பு

ஒரு கிராணி, பெண்சாதியோடு வந்தார். தோட்டத்து ஆபீஸ் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஜாசினில் படிக்கிறார்கள்; தினமும் காலையில் கொண்டு விடவேண்டும், மத்தியானம் கூட்டிப் போகவேண்டும். பட்டாளத்து ஜீப் ஒன்று அவருக்குச் சரியாக இருந்தது. அவர் என்ஜினைப் பார்த்தார். அந்த அம்மா வண்டியின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே வந்தார், புடவைக் கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல. ஓர் இடத்தில் கை நின்றது. "இது என்ன, இங்க மூணு இடத்துல மேடா இருக்கு? வண்டிக்கு அம்மை போட்டிருந்திச்சா?"

முதலாளி சிரிக்கப் பார்த்தார். நான், "குண்டு பட்ட ஓட்டைங்கம்மா. ஈயம் ஊத்தி அடைச்சிருக்கோம்" என்றேன். பட்டாளத்தில் இருந்தபோது பட்டது; என்ஜினுக்கு ஒன்றும் இல்லை; இதே பச்சை ஜீப் ஊரில் நூறு ஓடுகிறது, இதைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவர்கள் தலை மறைந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. கேட்காததுக்கு வாயைத் தொறக்காதேன்னுதான் சொல்றேன்."

பங்களா கலர்

அதற்கு அடுத்த வாரம் வந்தது அந்த லேண்ட்ரோவர். ஜாசினுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்துத் துரையின் வண்டி. எல்லா லேண்ட்ரோவரும் பச்சையாக இருக்கும். இது பாலேடு நிறம். துரை தன் பங்களாச் சுவருக்கு அடித்த அதே சாயத்தை வண்டிக்கும் அடித்திருந்தார். கித்தாத் தோப்புக்குள் அது வரும்போது கால் மைல் தூரத்திலேயே தெரியுமாம். வேலையை மேல்பார்க்கிற மண்டோர்கள் பீடியை எறிந்துவிட்டு நிமிர்ந்து நிற்பார்களாம். எங்கள் பட்டறையில் அது நின்ற முதல் நாளே கூட்டம். கோப்பிக் கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள். ரெங்கசாமி கண்ட்ராக்டரும் வந்து, துரை உட்கார்ந்த சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தார். "வேலை ஒண்ணு கையில இருக்கு. முடிச்சிட்டு வர்றேன். யாருக்கும் குடுத்துடாதே லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் துரையின் டிரைவர் அந்தோணி. நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். என்ஜின் சுத்தம், கியர் சுத்தம், உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஓட்டை இல்லை. இவ்வளவு நல்ல வண்டியை ஏன் கொடுக்கிறார் என்று கேட்டேன். அந்தோணி சாவியை என் கையில் வைத்தார். "துரைக்கு இந்த வண்டியைப் பார்த்தாலே சாப்பாடு இறங்கலையாம், தம்பி" என்றார். வெள்ளைக்காரனுக்கு வண்டி அலுத்துப்போனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போகும்போது சன்னாசி அண்ணனிடம் மட்டும் சொன்னார்: "நல்ல வண்டிதான். எனக்கு இனிமே அதை ஓட்ட வேணாம், அதுவே போதும்."

புட்டிப் பரீட்சை

கனகசபை டிரசரை ஜாசினில் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான் டிரசர், அதாவது மருந்து கொடுத்து ஊசி போடுகிறவர். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் அவர்தான். வீடு டவுனில். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். போன மழையில் அது சேற்றில் மாட்டி, அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் வயிற்றுப்போக்கு கண்ட ஒரு குழந்தை செத்துப்போனது. அதற்கு அடுத்த நாளே பட்டறைக்கு வந்தார். "தம்பி, எனக்கு ஸ்டைல் வேண்டாம். தார் ரோட்டிலயும் ஓடவேணும், சேத்திலயும் ஓடவேணும், காலமை ஒரு உதையில ஸ்டார்ட் ஆகவேணும். உண்மையைச் சொல்லும், எது நல்லம்?"

இப்படி ஓர் ஆள் கிடைக்கமாட்டாரா என்றுதான் நான் காத்திருந்தேன். இரண்டு வண்டியை வைத்தேன்: கிராணி விட்டுப்போன பட்டாளத்து ஜீப், துரையின் லேண்ட்ரோவர். டிரசர் என்ன செய்தார் தெரியுமா? மருந்துப் பெட்டி தூக்கும் வேலுவை வரச்சொல்லி, காலிப் புட்டிகளில் தண்ணீர் நிரப்பி, பெட்டியில் அடுக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார். செம்மண் சடக்கில் இரண்டு மைல் ஓட்டினோம். ஜீப் எந்தச் சேற்றிலும் நிற்கவில்லை, ஆட்டுக்குட்டிபோலத் தாண்டியது. பெட்டியைத் திறந்தால் நாலு புட்டி உடைந்திருந்தது. கூரைத் துணியும் கிழிசல், வழியில் விழுந்த தூறலில் பெட்டியெல்லாம் நனைந்திருந்தது. அடுத்து லேண்ட்ரோவர். அதே சடக்கு, அதே பள்ளம். ஒரு புட்டிகூட உடையவில்லை. "இதை எடுங்க சார்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் வண்டியை மட்டும் பார்த்தால் அதையேதான் சொல்லுவேன்.

அவருக்கு ஒரே ஒரு தயக்கம் இருந்தது. "இதுக்கு வேற சாயம் அடிக்கலாமோ? இது துரைமாரின்ரை வண்டி மாதிரிக் கிடக்கு." முதலாளி பதறிவிட்டார். துரை வண்டி என்று ஊருக்கே தெரியும், அந்தச் சாயத்தைச் சுரண்டினால் அப்புறம் அது என்ன வண்டி என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தோணி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அது துரையின் வயிற்றுச் சமாசாரம், வண்டிச் சமாசாரம் இல்லை என்று எனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டேன். அவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு தோட்டத்து கேட் வரைக்கும் போனோம். அந்த கேட்டில் மோட்டார் சைக்கிளோடு டிரசர் தினமும் கால் மணி நேரம் நிற்பார். அடையாளக் கார்டைப் பார்ப்பார்கள், மருந்துப் பெட்டியைக் கிளறுவார்கள், காட்டில் இருக்கிறவர்களுக்கு அரிசி ஒளித்துக் கொண்டுபோகிறாரா என்று வேட்டி மடிப்பைக்கூடத் தடவுவார்கள். அன்றைக்கு லேண்ட்ரோவர் வளைவில் திரும்பியதுமே ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஓடிப்போய்க் கம்பத்தைத் தூக்கினான். விறைப்பாக நின்று "தாபேக், துவான்!" என்று துரைக்குப் போடுகிற சலூட்டை எங்களுக்குப் போட்டான். உள்ளே இருப்பது யார் என்று அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிரசருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாத்தீரே தம்பி, ஆரெண்டு பாராமலே சலூட் அடிக்கிறான்! இனி நான் ஒரு இடத்திலயும் நிக்கத் தேவையில்லை."

காலை பத்து மணி

மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, இரண்டாவது தோட்டத்துக்கும் மூன்றாவது தோட்டத்துக்கும் நடுவில், சடக்கு மேடேறி வளையும் இடத்தில் சுட்டார்கள். டிரசர் வண்டியை நிறுத்தவில்லை. வலது கையில் பட்டபிறகும் இடது கையால் திருப்பி, மேட்டைத் தாண்டிவிட்டார். அதற்குமேல் கண் இருட்டி ஒரு மரத்தில் போய் முட்டினார்.

வேலு பின்னால் மருந்துப் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தான். மறுநாள் பட்டறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நான் கொடுத்த கோப்பியைக் குடிக்காமலே ஆறவிட்டான். மரத்தில் முட்டினதும் காட்டுக்குள்ளிருந்து நாலு பேர் ஓடி வந்தார்களாம். ஒருவன் கதவைத் திறந்து, டிரசரின் முகத்தைத் தூக்கிப் பார்த்து, கெட்ட வார்த்தை சொன்னானாம். "'மானா துவான்?'னு என் சட்டையைப் புடிச்சு உலுக்கினான், தம்பி. துரை எங்கே, துரை எங்கேன்னு. நான் டிரசர் டிரசர்னு கத்தறேன். அப்படியே போட்டுட்டுப் போயிட்டானுங்க. 'இவன் இல்லை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டானுங்க."

அந்தோணியைத் தேடிப் போனேன்

அன்றைக்கே பஸ் பிடித்து அந்தோணி வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் கோபம். அவர்மேல் கோபப்பட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தார். விஷயம் ஏற்கெனவே தெரியும்.

"துரையை அந்த வண்டியில வச்சு ரெண்டு தடவை சுட்டாங்க. ரெண்டு தடவையும் மேல படலை. அதனாலதான் ஓட்டை இல்லை" என்றார். ஓட்டை இருந்த ஜீப்பைப் பார்த்து ஜனங்கள் ஓடினார்கள். ஓட்டை இல்லாததைப் பார்த்து நான் கையெழுத்து வாங்கினேன். "இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. துரை சொல்லக்கூடாது என்றாராம். சொன்னால் வேலை போய்விடும், அவருக்கு ஐந்து பிள்ளைகள். என் கண்ணைப் பார்த்தார். "இருந்தாலும் நான் சொன்னேனே தம்பி, சாப்பாடு இறங்கலைன்னு. நீ ஏன்னு கேட்கலை."

மலாக்கா ஆஸ்பத்திரி

ஒரு வாரம் கழித்துத்தான் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வந்தது. டிரசர் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. ஊசி போடுகிற கை. மூன்று தோட்டத்திலும் இப்போது டிரசர் இல்லை. அந்த வாரம் ஒரு பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டதாக வேலு சொல்லியிருந்தான். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து முதலில் அவர் கேட்டது வண்டியைப் பற்றி. "என்ஜினில ஒரு குறையும் இல்லை. அந்த மேட்டை ஒரு கையாலை ஏத்தினன், தெரியுமோ? நீர் சொன்னது எல்லாம் சரி."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தோணி அன்றைக்குச் சொன்னதையும், நான் அதை விழுங்கினதையும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நர்ஸ் வந்து காயத்துக் கட்டை மாற்றினாள், போனாள். அதற்குப் பிறகு கேட்டார், வண்டியை இனி என்ன செய்வார்கள் என்று. முதலாளி திருப்பி வாங்கிவிட்டார், விற்பார் என்றேன். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கிளம்பினேன். கதவருகே போனபோது பின்னால் குரல் வந்தது: "வாங்க வாற ஆளிட்டைச் சொல்லும். அவர் கேளாட்டியும் சொல்லும்."

பச்சைக் கதவு

வண்டி பட்டறைக்கு வந்தது. சீட்டைச் சன்னாசி அண்ணன் மூன்று தடவை கழுவினார். முதலாளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "துரை ஓட்டினது, டிரசர் ஓட்டினது. ரெண்டே கை பட்ட வண்டின்னு சொல்லலாம்" என்றார். சொல்லி முடித்தபிறகுதான் கை என்ற சொல் அவருக்கே உறைத்தது. எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து நான் போய், சாயத்தை மாற்றாவிட்டால் நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன். அவர் கணக்கு நோட்டைத் திறந்து அதில் குனிந்துகொண்டார். அதையே சரி என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் எல்லா வண்டியும் இருக்கிற பச்சை. சன்னாசி அண்ணன் ஒரு கதவை முடித்து இன்னொரு கதவைத் தொடங்கும்போது ரெங்கசாமி கண்ட்ராக்டர் வந்து நின்றார். கையிலிருந்த வேலை முடிந்துவிட்டதாம்.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். துரையை இரண்டு தடவை சுட்டது, அந்தோணி வாயை மூடிக்கொண்டது, நான் வாயை மூடிக்கொண்டது, சுட்டவர்கள் "துரை எங்கே" என்று கேட்டது, டிரசரின் கை. குண்டு நுழைந்த இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தே காட்டினேன். தகட்டுக்குள்ளிருந்து இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்த மனிதர் இவர். ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் "த்சோ த்சோ" என்றார். டிரசர் தங்கமான மனுஷன் என்றார். கண்கூடக் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. பிறகு வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து, பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். முகம் மாறிவிட்டது. "இதை யாருடா மாத்தச் சொன்னது? துரை இதுல இல்லைன்னு அவனுங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சுபோச்சே. பழைய கலரையே அடிச்சுக் குடு லா, நம்ம ஆளுங்களுக்குத் தெரியணும்ல, இது துரை ஓட்டின வண்டின்னு!"

இப்போதெல்லாம் யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கதைக்காகவே வாங்கிப் போகிறார்கள், அதனால் இதுவரை ஒரு வண்டிகூட விற்காமல் நின்றதில்லை.